குண்டாஸும் 22-ஆவது பிரிவும் – கடிதம்

வணக்கம்.
கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. தமிழக குண்டர் சட்டத்திலோ விசாரணையே இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கிறார்கள். இது எப்படிச் செல்லும்? நம் வீட்டு ஆள் மாட்டினால் என்னதான் செய்வது?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விதிவிலக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 24 மணி நேரக் கெடுவும் வழக்கறிஞர் உரிமையும் குண்டர் சட்டம் போன்ற தடுப்புக்காவலுக்கு, அதாவது இனிமேல் குற்றம் செய்யாமல் இருக்க முன்கூட்டியே அடைப்பதற்கு, பொருந்தாது என்று 22(3) சொல்லிவிடுகிறது. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழுவான அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமலே மூன்று மாதம்வரை அடைக்க 22(4) இடம் கொடுக்கிறது. அதை இரண்டு மாதமாக்க 1978-இல் 44-ஆவது திருத்தம் நிறைவேறியது; அந்தப் பகுதியை மட்டும் எந்த ஆட்சியும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கட்சி பேதமில்லாத ஒற்றுமை!

மிஞ்சுவது 22(5): காரணங்களைத் தெரிவிக்க வேண்டும், முறையிட உடனே வாய்ப்புத் தர வேண்டும். பிடி இங்கேதான் இருக்கிறது.

குண்டர் சட்டப்படி (1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம்) ஐந்து நாளுக்குள் காரணங்கள் கைக்கு வர வேண்டும். பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல் தராவிட்டால் ஆணை செல்லாது. காரணங்களோடு ஒரு ஆவணக் கட்டு வரும், 'புக்லெட்' என்பார்கள். அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். படிக்க முடியாத நகல், தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத்திலேயே கொடுத்த ரிமாண்டு (நீதிமன்றக் காவல்) ஆணை, மொழிபெயர்ப்பில் மாறிப்போன தேதி: ஒழுங்காக முறையிட விடாதவை என்பதால் இவை ஆணையையே கவிழ்த்திருக்கின்றன. ஏற்கெனவே சிறையில் இருப்பவர் 'ஜாமீனில் வந்துவிடுவார்' என்று ஆணையில் எழுதியிருந்தால் அதற்கு ஆதாரம் காட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது என்று விவரமே இல்லாமல் எழுதியதை 2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

முறையீட்டுக்கு வழக்கறிஞர் அமையும்வரை காத்திருக்க வேண்டாம். உறவினரே வெள்ளைத்தாளில் எழுதலாம். ஆணையிட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையர், அரசுச் செயலாளர், அறிவுரைக் கழகம் என மூன்று இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும்போது அரசு ஒரு தேதிப் பட்டியல் கொடுக்கும்: முறையீடு வந்த நாள், காவல்துறையிடம் குறிப்புரை கேட்ட நாள், அது வந்த நாள், கோப்பு ஒவ்வொரு மேசையாக அமைச்சர்வரை நகர்ந்த நாள். விடுமுறைகளைக் கழித்த பிறகும் விளக்கமில்லாமல் கோப்பு சில நாள் கிடந்திருந்தால் ஆணை ரத்தாக வாய்ப்புண்டு. முறையீடே அனுப்பாதவருக்கு இந்த வாதம் கிடையாது.

'டெக்னிக்கலாகத் தப்பிக்கிறார்கள்' என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. சாட்சியும் குறுக்கு விசாரணையும் இல்லாத இடத்தில் கோப்பைத் தவிர சோதித்துப் பார்க்க வேறென்ன இருக்கிறது?

ஒன்றை மறக்க வேண்டாம். குண்டாஸ் ரத்தானாலும் முதலில் கைதான மூல வழக்கு அப்படியே நிற்கும். அதில் தனியே ஜாமீன் வாங்கினால்தான் ஆள் வெளியே வர முடியும். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால், அது தாக்கலாவதற்குள் மனுப் போட்டு அந்த ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம்.