ஏழு சொல் கேரண்டி

கே: எஸ்.இ.ஓ. வகுப்புக்கு, அதாவது கூகுள் தேடலில் நம் தளத்தை மேலே கொண்டுவரக் கற்றுத்தரும் வகுப்புக்கு, ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். ‘கூகுளின் ரகசியங்கள்’ என்று தனிப் பாடமே உண்டாம். சேரலாமா?

ப: அந்த ரகசியத்தை கூகுளே ‘எஸ்.இ.ஓ. ஸ்டார்ட்டர் கைடு’ என்ற பெயரில் சும்மா கொடுக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். பிறகும் வகுப்பு வேண்டுமென்றால், பாடத்திட்டத்தில் ‘மெட்டா கீவேர்ட்’ (பக்கத்தின் நிரலில் தேடல் சொற்களை எழுதி வைக்கும் டேக்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். தரவரிசைக்கு அந்த டேகைக் கண்டுகொள்வதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. நான் 2014-ல் காசு கட்டிய கோர்ஸில் அதற்கு மூன்று பாடம். வீட்டுப்பாடம் வேறு செய்தேன்.

கே: ஒரே வாரத்தில் பத்தாயிரம் பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு), மலிவு விலையில். வாங்கலாமா?

ப: வேண்டாம். கூகுள் 2012-ல் தன் தரவரிசை முறையில் ‘பென்குயின்’ என்ற மாற்றத்தை இறக்கியதே இந்த மாதிரிச் சரக்குக்காகத்தான்.

கே: ‘முதல் பக்கம் கேரண்டி’ என்று சொன்னவரிடம் பணம் கட்டினேன். தொட்டிச் செடிகள் பற்றிய பிளாக் என்னுடையது. இரண்டே வாரத்தில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், முதல் இடம்தான். ஆனால் அவர் தேடியது ‘தொட்டியில் ரோஜா வளர்க்கும் எளிய வழிகள்’ என்ற ஐந்து சொல், கூடவே என் பிளாக்கின் இரண்டு சொல் பெயர். படிக்க ஒருவரும் வரவில்லை. நான் ஏமாளியா?

ப: இல்லை அம்மா. ஏமாற்றியவர் கெட்டிக்காரர். பிளாக்கின் பெயரையே சேர்த்துத் தேடினால், கூகுள் பட்டியலில் ஏறிய எந்த பிளாக்கும் பெரும்பாலும் தானாகவே மேலே வந்து நிற்கும். அதற்கு அவர் எதற்கு?

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த ‘கேரண்டி’ என்ற சொல்லைக் கேட்டால்தான். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. முறையாக வேலை செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்கிறது. இவருக்கு மட்டும் இரண்டு வாரம்!

உங்கள் தளம் எந்தத் தேடலில் வந்தது என்று காட்டும் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ இலவசம். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் அந்த ஏழு சொல்லைத் தேடிப் பாருங்கள். மிகச் சிலரே தேடிய சொற்றொடரை அது காட்டாது. காட்டவில்லையா, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தச் சொற்களுக்கு கேரண்டி என்று பணம் வாங்கும்போது எழுதித் தந்தாரா? இல்லையென்றால், அவருடைய விளம்பரத்தையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். போனில் பேசாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் கொடுங்கள். அன்றைக்கே சர்ச் கன்சோலின் ‘யூசர்ஸ் அண்ட் பர்மிஷன்ஸ்’ பக்கத்தில் அவர் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

கே: வகுப்போடு டாட் காம் டொமைன் (தளத்தின் முகவரி) இலவசம் என்றார்கள். இப்போது விலகினால், டொமைன் அவர்களுடையதாம்.

ப: யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் டொமைன். உங்கள் பெயரில் இருந்தால் ‘ஆத் கோட்’ என்ற மாற்றல் ரகசியக் குறியீட்டைக் கேட்டு, டொமைன் பதிந்து தரும் வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். புதிதாகப் பதிந்ததென்றால் 60 நாள் பொறுக்க வேண்டியிருக்கும். அவர்கள் பெயரில் இருந்தால் சண்டை நீளும். சண்டையை ஆரம்பிப்பதற்கு முன், இன்று ராத்திரியே, உங்கள் பிளாக் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இருந்தால் அதில் ‘டூல்ஸ்’, ‘எக்ஸ்போர்ட்’ போய்ப் பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படங்களைத் தனியாக எடுங்கள், அந்தக் கோப்பில் அவை வராது.

கே: மூன்று வருட ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்), பிரீமியம் தீம் (காசு கொடுத்து வாங்கும் தள வடிவமைப்பு), கீவேர்ட் டூல் (மக்கள் தேடும் சொற்களைக் காட்டும் கருவி) எல்லாம் வாங்கியாயிற்று. அடுத்து என்ன வாங்க வேண்டும்?

ப: எத்தனை பதிவு எழுதினீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், காணோம். ஒன்றுகூட எழுதாமல் எந்த கீவேர்டைத் தேடப்போகிறீர்கள்? டூலை இந்த மாதமே ரத்து செய்யுங்கள். ஹோஸ்டிங் புதுப்பிக்கும்போது என்ன விலை என்றாவது பார்த்தீர்களா? முதல் தடவைச் சலுகை விலை பெரும்பாலும் அடுத்த தடவை இருக்காது.

கே: ஆறு மாதமாக எழுதுகிறேன். வேர்ட்பிரஸ்தான். கூகுளில் ஒரு பதிவுகூட வரவில்லை. எந்த நிறுவனத்திடம் கொடுக்கலாம்?

ப: யாரிடமும் கொடுக்காதீர்கள், முதலில் ‘செட்டிங்ஸ்’, ‘ரீடிங்’ போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று அடியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிட்டு, சில வாரம் கழித்து எழுதுங்கள்.