வீட்டை விற்கச் சொல்லும் அண்ணனுக்கு

பொருளாதாரம் சரிந்தால் ஜனங்கள் ஒருவரையொருவர் அடித்தே சாவார்கள், வேலையை விட்டுவிட்டு, கூட்டு வீட்டை விற்று, ஆளில்லாத காட்டோரம் நிலம் வாங்கலாம் என்று அண்ணன் நச்சரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் பயம் முழுக்கக் கற்பனை இல்லை. 1923 நவம்பரில் ஜெர்மனியில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுள் சேமிப்பெல்லாம் வெறும் காகிதம். ஆனால் அதே மாதம் புது நாணயமும் வந்தது.

அர்ஜென்டினாவைப் பாருங்கள். 2001 டிசம்பரில் வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்ததும் சட்டியும் கரண்டியுமாகத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்களும் போயின. மறைக்கவில்லை. அதே ஊர்களில்தான் பண்டமாற்றுச் சங்கங்களில் அச்சடித்த சீட்டைக் கொடுத்து ரொட்டி வாங்கினார்கள், முடி வெட்டிக்கொண்டார்கள். (அந்தச் சீட்டிலும் கள்ளச்சீட்டு அடித்தார்கள், மனிதர்கள் அல்லவா!) முதலாளி கைவிட்ட ஆலைகளைத் தொழிலாளர்களே ஓட்டினார்கள். காட்டுக்குள் தனியே போனவனுக்கு இதில் எது கிடைக்கும்?

என்னை உறுத்துவது சோவியத் ஒன்றியம் உடைந்து பொருளாதாரம் சரிந்த காலத்து ரஷ்யாதான். ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் சுமார் 64. 1994இல் 58க்கும் கீழே. கொலைகளும் கூடின, ஆனால் குடியும் மாரடைப்பும் கொண்டுபோனவர்களே அதிகம். வேலையும் பழகிய முகங்களும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அண்ணன் தானாகவே துறக்கப் பார்ப்பது அந்த இரண்டையும்தான்.

கடனை அடையுங்கள், சில மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள். அதற்கு அவர் சம்மதிப்பார். கூடவே, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்றும் கேட்டுப் பாருங்கள்.