சொந்த மனையில் மரம் வெட்டலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

மரம் வெட்ட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களை நேரில் போய்ப் பார்த்துப் பரிசீலிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். உங்கள் ஊரின் துல்லியமான விதி உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில்தான் கிடைக்கும். இத்தகைய விதிகள் எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்குச் சில ஊர்களின் சட்டங்களையும் தொட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, இடம் என்னுடையது. மரமும் நான் வைத்து வளர்த்ததுதான். அதை வெட்ட எதற்கு இன்னொருவர் அனுமதி?

பதில்: மரம் உங்களுடையதுதான், அதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது தரும் நிழலும், அது உறிஞ்சும் மழைநீரும், தெருவில் அது தணிக்கும் வெக்கையும் உங்கள் மதிலோடு நிற்பதில்லை. அதனால்தான் பல ஊர்களில் வெட்டும் செயலை மட்டும் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மரத்தின் பருமன், அது நிற்கும் இடம், அதன் இனம். கனடாவின் டொராண்டோ நகரில் தண்டின் விட்டம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் தனியார் மனையிலும் அனுமதி வேண்டும். தில்லியின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே அது மரம். இங்கிலாந்தில் பருமனைப் பார்க்காமல், குறிப்பிட்ட மரத்தின் பேரிலேயே பாதுகாப்பு ஆணை போட முடியும். தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். தோதகத்தி (ரோஸ்வுட்) மரத்துக்கு 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆக, ஓர் ஊரில் யாரையும் கேட்காமல் வெட்டக்கூடிய மரத்தை இன்னோர் ஊரில் தொட்டாலே குற்றம். உறவினர் வெட்டினார், ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: பருமனை எப்படி அளப்பது? ஒரு ஆள் வந்து பார்த்து "இது சின்ன மரம்தான்" என்கிறார்.

பதில்: கண்ணளவை நம்ப வேண்டாம், தையல் நாடா போதும். எந்த உயரத்தில் அளப்பது என்பதுதான் முக்கியம், அது ஊருக்கு ஊர் மாறும். டொராண்டோவில் 1.4 மீட்டர். அமெரிக்காவில் பெரும்பாலும் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். இங்கிலாந்தில் பழமையைக் காக்க அறிவித்த பாதுகாப்புப் பகுதிகளில் 1.5 மீட்டர். சிங்கப்பூரில் தரையிலிருந்து அரை மீட்டரில் சுற்றளவை எடுக்கிறார்கள். மரப் பாதுகாப்புப் பகுதிக்குள் அது ஒரு மீட்டரைத் தாண்டினால் அனுமதி கேட்க வேண்டும்.

விதியில் சொல்லியிருப்பது விட்டமா சுற்றளவா என்று கவனியுங்கள். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். 94 செ.மீ. சுற்றளவுள்ள தண்டு ஏறக்குறைய 30 செ.மீ. விட்டம். பார்வைக்கு ஒல்லியாகத் தெரிந்த மரங்கள் நாடாவைச் சுற்றியதும் வரம்பைத் தாண்டுவதை நிறையவே பார்த்திருக்கிறேன். சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து அளப்பது பொதுவான முறை. அடியிலேயே இரண்டாக, மூன்றாகப் பிரிந்த மரத்துக்கு என்ன கணக்கு என்பதை மட்டும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நாடா சுற்றியிருக்கும்போதே எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டுப்போன மரத்துக்கும் அனுமதி வேண்டுமா சார்?

பதில்: பெரும்பாலான ஊர்களில் விலக்கு உண்டு. ஆனால் பட்டுப்போனது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. இங்கிலாந்தில் பாதுகாப்பு ஆணை உள்ள மரம் பட்டுப்போனாலும் ஐந்து வேலை நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். இப்போதே விழும் நிலை என்றால்தான் அந்த அவகாசத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இலை உதிர்ந்ததும் மரம் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சிறு கிளை ஒன்றில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. பல கிளைகளில் இப்படிப் பார்த்து, மரத்தின் நாலு பக்கமும் படம் எடுத்து, ஒரு மர நிபுணரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பட்டுப்போகவில்லை, ஆனால் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: எப்போதிலிருந்து சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இளமையிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்ப வேரையும் தண்டையும் பலப்படுத்திக்கொண்டிருக்கும். போன மழைக்குப் பிறகு புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் பொங்கி வெடித்திருந்தாலோ, அடிமரத்தில் காளான் படர்ந்திருந்தாலோ, கவட்டையில் பிளவு தெரிந்தாலோ தாமதிக்காமல் உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். இப்படி அவசரமாக வெட்ட நேர்ந்தால் ஆபத்தை நீக்கும் அளவுக்கு மட்டும் வெட்டி, அடிமரத்தை அப்படியே விட்டு வையுங்கள். அலுவலர் வரும்போது பார்ப்பதற்குச் சான்று அதுதான்.

கேள்வி: பக்கத்து வீட்டு மரத்தின் கிளை எங்கள் மாடி வரை வந்துவிட்டது. அவர்களிடம் சொன்னால் சண்டை. நாங்களே வெட்டிவிடலாமா அண்ணா?

பதில்: ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் பல நாடுகளில், எல்லைக்கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் வந்த கிளையைக் கோடு வரை வெட்டலாம். ஆனால் அவர்கள் மனைக்குள் காலை வைக்கக் கூடாது. வெட்டிய கிளையும் மரத்துக்காரருக்கே சொந்தம் என்பது இங்கிலாந்துச் சட்டம். மரமே சாகும்படி வெட்டினால் இழப்பீட்டு வழக்கு வரலாம். அது பாதுகாக்கப்பட்ட மரமாக இருந்தால், உங்கள் பக்கத்துக் கிளையைத் தொடுவதற்கும் முதலில் அனுமதி வேண்டும்.

தண்டே எல்லைக்கோட்டின் மேல் நின்றால் கதை வேறு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படிப்பட்ட மரம் இரு வீட்டாருக்கும் பொதுச் சொத்து என்றே வனச் சட்டம் சொல்கிறது. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அதைச் சேதப்படுத்தினால் குற்றம். சண்டை என்கிறீர்கள், இருந்தாலும் அளந்த படத்தோடும் மர நிபுணரின் குறிப்போடும் இன்னொரு முறை போய்ப் பேசிப் பாருங்கள். எந்தக் கிளை, எவ்வளவு நீளம், யார் செலவு என்று தாளில் இருந்தால் பேச்சு பெரும்பாலும் படிந்துவிடும்.

கேள்வி: வீட்டை விரிவுபடுத்துகிறோம். மரத்தை வெட்டவே போவதில்லை. பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டினால் மட்டும் என்ன?

பதில்: இன்று வந்த கேள்விகளில் நான் மிகவும் கவலைப்படுவது இதற்குத்தான். மரத்தை விட்டுவைக்கிறோம் என்று மனதார நினைத்துக்கொண்டே அதைக் கொன்றுவிடும் இடம் இது.

வேர் ஆழத்தில் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நீரையும் காற்றையும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான், பெரும்பாலும் இரண்டடிக்குள், கிளைவிரிவையும் தாண்டிப் பரவியிருக்கும். நீங்கள் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் எடுத்தால் அந்தப் பக்கத்து வேரெல்லாம் போய்விடும். பள்ளமே எடுக்காவிட்டாலும், வேரின் மேல் மணலும் ஜல்லியும் கொட்டி லாரி ஏறி இறங்கினால் மண் இறுகிக் காற்று நின்றுபோகும். மரம் உடனே எதையும் காட்டாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காயத் தொடங்கும்போது, கட்டட வேலைதான் காரணம் என்பது யாருக்கும் தோன்றாது.

பிரிட்டனின் கட்டுமானத் தர விதி எளிமையான கணக்கு ஒன்றைத் தருகிறது. தண்டின் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்தில் ஒரு வட்டம், அதற்குள் எந்த வேலையும் கூடாது. விட்டம் 50 செ.மீ. என்றால் மரத்தைச் சுற்றி 6 மீட்டர். முதல் செங்கல் வருவதற்கு முன்பே அந்த வட்டத்தைச் சுற்றி உறுதியான வேலி போடுங்கள். உள்ளே சிமெண்டு கலக்கக் கூடாது, சாமான் அடுக்கக் கூடாது. அஸ்திவாரம் அந்த வட்டத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் வரைபடம் இறுதியாகும் முன் மர நிபுணரைக் கூட்டி வந்து பொறியாளரோடு உட்கார வையுங்கள். தொடர்ச்சியான பள்ளத்துக்குப் பதிலாகத் தூண்கள் மேல் உத்திரம் வைத்துக் கட்டுவது போன்ற வழிகள் உண்டு. பல ஊர் விதிகளில் சேதப்படுத்துவதும் வெட்டுவதும் ஒன்றாகவே கருதப்படும். டொராண்டோவில் அப்படித்தான்.

கேள்வி: அனுமதி எல்லாம் எதற்கு, உச்சியை மொட்டையடித்து விட்டால் போதும் என்கிறாரே மரம் வெட்டுபவர்?

பதில்: வேண்டாம். மொட்டையடிப்பதும் பல இடங்களில் அனுமதி இல்லாமல் அழித்ததாகவே கணக்கு. வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் துளிர்கள் தண்டின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருப்பதால், பெருத்ததும் காற்றில் முறியும். இருந்ததைவிட ஆபத்தான மரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். முறையான கவாத்து (கிளை கழித்தல்) என்றால் ஓர் ஆண்டில் பசுமையில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது. முதிர்ந்த மரத்தில் அதைவிடவும் குறைவு.

கேள்வி: "விடுமுறை நாளில் வெட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது" என்கிறார்கள்.

பதில்: வான்வழிப் படங்களில் போன ஆண்டு இருந்த மரம் இந்த ஆண்டு இல்லை என்பது தெரிந்துவிடும். பக்கத்து வீட்டாரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். டொராண்டோவில் அபராதம் ஒரு மரத்துக்கு ஒரு லட்சம் டாலர் வரை போகும். சிங்கப்பூரில் 50,000 டாலர் வரை. வெட்டியவரோடு வெட்டச் சொன்னவரும் பதில் சொல்ல வேண்டிவரும். பட்டையை வளையமாக உரித்து விடுவதும், அடியில் துளைபோட்டு மருந்து ஊற்றுவதும் இதே குற்றம்தான். மெதுவாகச் சாகவைத்துவிட்டுப் பட்டுப்போன மரம் என்று விண்ணப்பிப்பவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. துளையும் உரித்த தழும்பும் அடிமரத்தில் அப்படியே இருக்கும்.

கேள்வி: அனுமதி கிடைத்துவிட்டது. பதிலுக்கு எத்தனை கன்று நட வேண்டும்?

பதில்: இங்கிலாந்தில் பாதுகாப்பு ஆணை உள்ள மரம் ஆபத்து என்று எடுக்கப்பட்டாலோ, அனுமதியின்றி வெட்டப்பட்டாலோ, அதே இடத்தில் ஏற்ற இனத்தில் ஒன்றை நடுவது மனைக்காரரின் சட்டக் கடமை. மனையை விற்றால் அந்தக் கடமை வாங்கியவருக்குப் போகும். தில்லியில் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்பது நெடுநாள் வழக்கம். மகாராட்டிரத்தில் 2021இல் வந்த திருத்தம் வேறு வழியில் போனது: வெட்டும் மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை கன்று. மனையில் இடமில்லை என்றால் பணமாகக் கட்டி, நகராட்சி வேறிடத்தில் நடும் ஏற்பாடும் பல ஊர்களில் உண்டு.

வயதைக் கணக்கில் எடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். ஐம்பது ஆண்டு நின்ற மரத்தையும் ஐந்து ஆண்டு மரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் எண்ணிக்கை கூடக் கூட நடுவதற்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. பத்துக் கன்றை மின்கம்பிக்கு அடியில் நெருக்கி நட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் தாளில் விதி நிறைவேறிவிடும். நாலாவது ஆண்டு போய்ப் பார்த்தால் அங்கே நிழல் இருக்காது. உங்கள் ஊர் விதி இடம் கொடுத்தால், பெரிதாக வளரக்கூடிய ஒரே மரத்துக்குப் போதிய மண்ணுள்ள இடத்தை ஒதுக்கித் தருகிறேன் என்று எழுதிக் கேளுங்கள். நான் பரிசீலித்த காலத்தில் அப்படிக் கேட்டவர்களின் பக்கமே நின்றிருக்கிறேன்.

கேள்வி: கன்று செத்துப்போனால்?

பதில்: மறுபடி நட வேண்டும். சில ஊர்களில் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு, கன்று பிழைத்ததைப் பார்த்த பிறகே திருப்பித் தருவார்கள்.

சாகாமல் இருக்க, பெரிய கன்றாக வாங்கினால் நல்லது என்ற ஆசையை விடுங்கள். தோண்டி எடுக்கும்போது பெரிய கன்று வேரில் பெரும்பகுதியை இழந்து வருகிறது, தேறுவதற்கு ஆண்டுகள் ஆகும். சிறியது சீக்கிரம் பிடித்துக்கொண்டு அதை எட்டிவிடும். குழியை ஆழமாக எடுக்காமல் அகலமாக எடுங்கள். தண்டு வேராக விரியும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், அது புதைந்தால் அழுகும். தொட்டியில் வட்டமாகச் சுற்றிய வேரைப் பிரித்தோ வெட்டியோ விடுங்கள். காய்ந்த இலைதழையால் மண்ணுக்கு மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். முட்டுக்கொம்பை ஓர் ஆண்டில் எடுத்துவிடுங்கள், காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரை மட்டும் யாரிடமும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மரத்தில் கூடு இருக்கிறது.

பதில்: குஞ்சு பறக்கும் வரை பொறுங்கள். பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே கலைப்பது குற்றம், வேறு பல நாடுகளிலும் இப்படி உண்டு. மரம் வெட்டும் அனுமதி கையில் இருந்தாலும் இது பொருந்தும்.

கேள்வி: களிமண் பூமி. பெரிய மரம் சுவரை விரிசல் விடச் செய்கிறது, உடனே எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். மரம் நீரை உறிஞ்சுவதால் களிமண் சுருங்கி விரிசல் வருவது உண்மை. ஆனால் மரத்தை ஒரே நாளில் எடுத்தால் மண் மறுபடி நீர் ஏறி உப்பி, வீட்டைத் தூக்கும். மரம் வீட்டைவிட மூத்தது என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கேள்வி: என் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இனி வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும், அதை முதலில் படியுங்கள். சான்று போதாது என்றால் நிபுணர் அறிக்கையோடு மறுபடி விண்ணப்பியுங்கள். வெட்டுவது தேவையில்லை என்றால், எந்தக் கிளையை எடுத்தால் உங்கள் பிரச்சினை தீரும் என்று குறித்துக் கவாத்துக்கு அனுமதி கேளுங்கள். அது கிடைப்பது எளிது. முடிவே தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் நாள் கணக்கைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் 28 நாள்தான். உங்கள் கடிதத்தின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.