84 பிள்ளைகள், 45 நிமிடம், ஒரு ஏஜென்ட்

கேள்வி: திண்டிவனம் பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த ஆண்டு கல்விச் சுற்றுலாவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். மொத்தம் 84 பிள்ளைகள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிலைகளையும் ஓவியங்களையும் காட்ட வேண்டும் என்பது தலைமையாசிரியர் விருப்பம். டூர் ஏஜென்ட் ஒருவர் தலைக்கு 950 ரூபாய் சொல்கிறார். கைடு இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள், அனுமதியும் கைடும் தன் பொறுப்பு என்கிறார். எனக்குக் கலை பற்றி ஒன்றும் தெரியாது. கைடு இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? அவர் தந்த நிரலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நிரலைப் பார்த்தேன் டீச்சர். உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் கிழமையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கிறார். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. பிள்ளைகளைப் பாந்தியன் சாலையில் கொண்டுபோய் நிறுத்தி, பூட்டிய கேட்டைப் பார்த்து "அடடா, இன்னைக்கு லீவா!" என்று கையைப் பிசைந்துவிட்டு, அப்படியே கடற்கரைக்கு வண்டியைத் திருப்பிய ஆட்களை எனக்குத் தெரியும். கைடுக்கு வாங்கிய பணம் திரும்பி வந்ததாக மட்டும் கேள்விப்பட்டதில்லை. உங்கள் ஆள் தெரியாமல் போட்டிருந்தால், இந்த வேலையே தெரியாதவர். தெரிந்தே போட்டிருந்தால், இன்னும் மோசம்.

அப்புறம் நேரம். அருங்காட்சியகம் 11.15 முதல் 12 மணி வரை, பிறகு சாப்பாடு, பிறகு தீம் பார்க், கடைசியில் மெரினா. முக்கால் மணி நேரத்தில் 84 பேரை எண்ணி உள்ளே விடப் பத்து நிமிடம், கழிப்பறைக்குப் பத்து நிமிடம். மிச்சம் 25. அந்த வளாகத்தில் ஆறு கட்டடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். கணக்கு டீச்சருக்கு நான் வகுத்துக் காட்ட வேண்டியதில்லை. கூடத்துக்கு ஒரு நிமிடம்கூட முழுதாகத் தேறாது.

அருங்காட்சியகம் எதற்காக அந்த நிரலில் இருக்கிறது தெரியுமா? தீம் பார்க்குக்கு மட்டும் என்று எழுதினால் 'கல்விச் சுற்றுலா' ஆகாது. ஒரு அருங்காட்சியகத்தைச் செருகிவிட்டால் காகிதம் சரியாகிவிடும். மேலே கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் அது போதும். பெற்றோர் ஒப்புதல் இருக்கிறதா, முத்திரை சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பத்துத் தடவை பார்க்கிறார்கள். பிள்ளைகள் எந்தச் சிலை முன் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, உங்கள் முதல் சந்தேகம். கைடு இல்லாமல் விட மாட்டார்கள் என்பது பொய். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போதும். வரும் தேதி, நேரம், வகுப்பு, பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எழுதி, சில வாரங்களுக்கு முன்பே அருங்காட்சியக அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுப் போனில் ஒரு தடவை கேளுங்கள். பள்ளிக் கடிதத்தோடு வரும் மாணவர்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. எங்களுக்குக் கூடத்தைக் காட்ட உங்கள் ஆட்கள் யாராவது வர முடியுமா என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். காப்பாட்சியர் ஒருவர் பத்து நிமிடம் வந்து பேசினாலே பெரிய விஷயம். வராவிட்டாலும் நஷ்டமில்லை. இந்தக் கடிதத்தைத்தான் ஏஜென்ட் 'அனுமதி வாங்கித் தருகிறேன்' என்று தலைக்கு இவ்வளவு என விற்கிறார்.

ஏஜென்ட் கூட்டிவரும் கைடு யார் என்று கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் பேருந்தில் மைக் பிடிக்கிற அதே தம்பிதான். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், அப்படி ஒருவர் பின்னால் நானும் நடந்து பார்த்தேன். எல்லாச் சிலையும் "ஆயிரம் வருஷம்", எல்லாமே "ஐம்பொன்", எல்லாவற்றுக்கும் "இன்னைக்கு மார்க்கெட்ல பல கோடி" என்று ஒரு விலை. பிள்ளைகள் சிலையை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். வெளியே வந்ததும் ஒரு பையனிடம் என்ன பார்த்தாய் என்றேன். "கோடி ரூபா சாமி" என்றான். எந்தச் சாமி என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஏஜென்ட் வேண்டாம் என்று சொன்னாலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பேருந்து. உங்கள் ஊரிலிருந்து 84 பிள்ளைகளைக் கூட்டிவர இரண்டு வண்டி வேண்டும், அதை நீங்களே தேடி அலைய முடியாது. அதற்கு ஏஜென்டிடம் போங்கள், தப்பில்லை. ஆனால் பேருந்து என்றால் பேருந்து மட்டும். சாப்பாடு, டிக்கெட், கைடு, தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பில் தந்தால் வாங்காதீர்கள். வண்டி வாடகை தனி, டிரைவர் பேட்டா தனி, டோல், பார்க்கிங் தனி என்று வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டியின் பர்மிட், தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நான்குக்கும் நகல் வாங்குங்கள். காலையில் வந்து நிற்கிற வண்டியின் எண் அந்த நகலில் இருக்கும் எண்தானா என்று நீங்களே போய்ப் பாருங்கள், பி.டி. சாரை அனுப்பாதீர்கள். "அந்த வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு மேடம், இதுவும் நம்ம வண்டிதான்" என்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் தலையாட்டினால் வாங்கிய நகலுக்கு அர்த்தமே இல்லை. இருட்டுவதற்குள் ஊர் திரும்புகிற மாதிரி நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் இலவசம் என்று ஆசை காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த இலவசத்துக்கும் பிள்ளைகள்தான் பணம் கட்டுகிறார்கள்.

இனி உங்கள் உண்மையான பயம், பிள்ளைகளுக்குப் புரியுமா என்பது. நாற்பது கூடமும் யாருக்கும் புரியாது, எனக்கும்தான். ஒரே ஒரு கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்கலக் கூடம். ஓவியம் வேண்டும் என்று தலைமையாசிரியர் பிடிவாதமாக இருந்தால், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறந்த தேசியக் கலைக்கூடக் கட்டடம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. பழுதுபார்ப்புக்காகப் பல வருஷம் பூட்டிக்கிடந்த கட்டடம் அது. நீங்கள் வரும் நாளில் எந்த அறைகள் திறந்திருக்கும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஓவியத்தை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள்.

வெண்கலக் கூடத்தில் இரண்டு திருமேனிகள் போதும். ஒன்று திருவெண்காட்டு அர்த்தநாரி. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. பிள்ளைகளிடம் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம், கைகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு என்பான் ஒருவன், நான்கு என்பாள் ஒருத்தி. எண்ணிப் பார்த்தால் மூன்று. வலப்பக்கம் சிவன், அவருக்கு இரண்டு கை. இடப்பக்கம் உமை, அவளுக்கு ஒன்று. மூன்று என்று தெரிந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே இரண்டு பக்கத்தையும் ஒப்பிட ஆரம்பிப்பார்கள். காது ஒரே மாதிரி இல்லை, இடுப்பு ஒரே மாதிரி இல்லை, துணி ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம். அப்புறம் சிவனின் முன்கையைக் காட்டி, இந்தக் கை எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். அங்கே ஒன்றும் இருக்காது. ரிஷபத்தின் மேல் சாய்ந்த பாவனை அது. இல்லாத மாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். ஆசிரியர்களுக்கு அதுதான் கஷ்டம்.

இரண்டாவது, திருவாலங்காட்டு நடராசர். காலண்டரிலும் பரதநாட்டிய மேடையிலும் பார்த்த நடராசரை மனதில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் வருவார்கள். இவரிடம் எது குறைகிறது என்று கேளுங்கள். சுற்றிலும் தீச்சுடர் விடும் திருவாசி இல்லை, விரிந்து பறக்கும் சடையும் இல்லை. அதனாலேயே உடம்பின் வேலை முழுதாகக் கண்ணில் விழுகிறது. பிறகு பத்துப் பிள்ளைகளை வலது காலில் நின்று இடது காலைத் தூக்கி, அதே மாதிரி குறுக்கே வீசச் சொல்லுங்கள். முப்பது எண்ணுவதற்குள் பாதிப் பேர் தள்ளாடுவார்கள். மெழுகில் இதைப் பிடித்த ஸ்தபதிக்கு எங்கே எடை விழும் என்று எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அங்கே தானாக வரும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்து எடுக்கிறார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் வார்க்கிறார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான், ஜெராக்ஸ் கிடையாது. ஏழாம் வகுப்புக்கு இவ்வளவு போதும். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் 1913-இல் நடராசரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது சென்னை அருங்காட்சியகத்து நடராசர்களின் புகைப்படங்களை மட்டும்தான். கைடு கிடையாது, சிலைகூடக் கிடையாது. படத்தை உற்றுப் பார்த்தே எழுதினார்.

உங்கள் பிள்ளைகளுக்கு ரோடானுக்கு இல்லாத ஒரு சௌகரியமும் உண்டு. உற்சவரைத் தெருவில் பார்த்தவர்கள் அவர்கள். பல திருமேனிகளின் பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும். இது எதற்கு என்று கேட்டால், சுவாமி புறப்பாட்டில் தண்டு பிடித்த மாமாவோ சித்தப்பாவோ உள்ள பிள்ளை முந்திக்கொண்டு சொல்லிவிடும். ஆனால் கோயிலில் பட்டும் மாலையும் மூடிய சாமியின் முகத்தை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். முதுகு எப்படி இருக்கும் என்று இங்கேதான் தெரியும். பின்பக்கம் போக வழியிருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். சில பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், செருப்பைக் கழற்றும். தடுக்காதீர்கள், கிண்டல் செய்யவும் விடாதீர்கள்.

"சாமி ஏன் டீச்சர் கோயில்ல இல்லாம இங்க நிக்குது?" என்று ஒரு பிள்ளை கேட்கும், தயாராக இருங்கள். மழுப்ப வேண்டாம். பழைய காலத்தில் ஆபத்துக்குப் பயந்து மண்ணில் புதைத்தவை, பிற்பாடு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் வயலில் உழும்போதும் கிடைத்தன. அப்படிக் கிடைத்தால் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1878-இல் புதையல் சட்டம் வந்தது. அந்த வழியாக வந்தவை இங்கே நிறைய.

உங்களுக்குக் கலை தெரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கணக்கு தெரியுமே. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்துத்தான் அளவு குறிக்கிறார்கள். முக நீளம் ஒரு தாலம். உடம்பு அதில் ஒன்பது மடங்கா, பத்து மடங்கா என்பது எந்தத் தெய்வம் என்பதைப் பொறுத்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, முகத்தின் நீளத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு கீழே இறக்கி இறக்கி எண்ணட்டும். மகுடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நேராக நிற்கும் சிலையாகப் பாருங்கள், நடராசரிடம் இது எடுபடாது. ஒருவனுக்கு எட்டரை வரும், இன்னொருத்திக்குப் பத்து வரும், சண்டை போடுவார்கள். கைடு எவரும் இந்தச் சண்டையை உண்டாக்கித் தர மாட்டார்.

84 பேரையும் ஒரே நேரத்தில் அந்தக் கூடத்துக்குள் அடைக்காதீர்கள். 21 பேராக நான்கு குழு. ஒன்று வெண்கலக் கூடத்தில் இருக்கும்போது மற்றவை அமராவதிச் சிற்பங்கள், திமிங்கல எலும்புக்கூடு, வெளியே மர நிழல் என்று சுற்றி வரட்டும். குழுவுக்கு 40 நிமிடம், மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தீம் பார்க் போகும், போகட்டும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை நீங்கள் மட்டும் ரயிலேறி எழும்பூரில் இறங்கி ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். சிலைகளைச் சில நேரம் வேறு ஊர்க் கண்காட்சிக்கு எடுத்துப் போயிருப்பார்கள், சுத்தம் செய்யக் கழற்றியிருப்பார்கள். நம்பி வந்த அர்த்தநாரி அங்கே இல்லை என்பது 84 பிள்ளைகளோடு நிற்கும்போது தெரியக் கூடாது. குழு எங்கே உட்காரும், கழிப்பறை எந்தப் பக்கம், டிபன் பாக்ஸைத் திறக்க எங்கே விடுவார்கள் என்பதையும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் அருங்காட்சியகங்களைக் கட்டியவர்கள் பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்பதை யோசித்த மாதிரியே தெரியவில்லை.

தொடக் கூடாது என்பதற்கு மட்டும் காரணம் சொல்லுங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்பு பட்டால் வெண்கலம் பச்சையாகப் பூத்து அரிக்கும். இதைச் சொன்னால் பிள்ளைகளே ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்கிறார்கள். வெறுமனே "தொடாதே" என்று கத்தினால் அந்தப் பக்கம் திரும்பியதும் தொடுவார்கள்.

வரைய நோட்டும் பென்சிலும் மட்டும். பேனா வேண்டாம், ஸ்கெட்ச் வேண்டவே வேண்டாம். பென்சிலைப் பேருந்திலேயே சீவி முடித்துவிடச் சொல்லுங்கள், ஆளுக்கு இரண்டாக. கூடத்துக்குள் சீவல் விழுந்தால் காவலரிடம் திட்டு வாங்குவது நீங்களாகத்தான் இருக்கும்.