கறுத்துப்போன 1943 நிக்கல்

உங்களிடம் உள்ள 1943ஆம் வருட அமெரிக்க ஐந்து சென்ட் காசு (இதைத்தான் நிக்கல் என்பார்கள்) கறுத்திருக்கிறது, போலியா என்று கேட்டிருந்தீர்கள். அப்படித் தோன்றவில்லை. திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் உள்ள மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பெரிதாக, அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் பி, டி, எஸ் என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்கும். போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால் அப்போது நிக்கலே சேர்க்காமல் 56 சதவீதம் செம்பு, 35 வெள்ளி, 9 மாங்கனீசு கலந்து அடித்தார்கள், பழசானால் இப்படித்தான் மங்கும். 5 கிராம் காசில் 1.75 கிராம் வெள்ளி, தேய்ந்திருந்தால் விற்கும் நாளின் வெள்ளி விலைதான் கிடைக்கும். எழுத்து பி என்றால் லென்ஸ் வைத்து 3க்கு அடியில் 2 தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் கதையே வேறு, அது 1942 அச்சின் மேலேயே 1943 பதித்த அரிய வகை. அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஒன்றை நான் அப்படித்தான் கெடுத்தேன்.