16 கடல் மைல் பிழை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தூத்துக்குடி–மாலே ஓடும் சரக்குக் கப்பலில் டெக் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) இருக்கிறேன். காலையில் செக்ஸ்டன்டில் (தொடுவானத்திலிருந்து உயரத்தைக் கோணத்தில் அளக்கும் கருவி) சூரியனை எடுத்துக் கணக்குப் போட்டால், கப்பல் இருக்க வேண்டிய கோடு ஜிபிஎஸ் இடத்துக்கு 16 கடல் மைல் மேற்கே விழுகிறது. பிற்பகலில் அதே அளவு கிழக்கே. கோள முக்கோணவியலில் நான் வீக் என்று ஒரு கோச்சிங் சென்டர் தனி வகுப்புக்கு அழைக்கிறது. சேரலாமா?

பதில்: வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள். துருவம், உச்சி (தலைக்கு நேர் மேலே உள்ள புள்ளி), சூரியன் மூன்றையும் சேர்த்துப் போடும் முக்கோணத்தில் சைன், காஸ் தப்பினால் பிழை நாளுக்கொரு அளவில் வரும். இப்படி 16-லேயே நிற்காது.

கடிகாரமும் காரணமில்லை. அது 1 நிமிடம் தப்பினால் தீர்க்கரேகை 15 கோண நிமிடம் (60 சேர்ந்தால் 1 டிகிரி) நகரும். ஆனால் காலை, மாலை இரண்டிலும் ஒரே பக்கம் நகரும். உங்களுக்குப் பக்கம் மாறுகிறது. அப்படியென்றால் சூரியனின் உயரத்தைத்தான் குறைத்துப் போடுகிறீர்கள். உயரம் 1 கோண நிமிடம் குறைந்தால் கோடு சூரியனை விட்டு 1 கடல் மைல் விலகும். சூரிய வட்டத்தின் பாதி அகலம் எவ்வளவு? சுமார் 16 கோண நிமிடம்.

அல்மனாக்கில் (சூரியன், நட்சத்திரங்களின் இடத்தைத் தரும் கடல் பஞ்சாங்கம்) உயரத் திருத்தப் பக்கத்தைத் திறங்கள். சூரியனுக்கு ஒரு பத்தி, அதை ஒட்டியே நட்சத்திரங்களுக்கு இன்னொன்று. 40 டிகிரி உயரத்தில், கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் உட்கார வைத்து எடுத்த சூரியனுக்குச் சுமார் 15 கோண நிமிடம் கூட்ட வேண்டும், நட்சத்திரத்துக்கு 1.2 கழிக்க வேண்டும். வித்தியாசம் அதே 16. நீங்கள் பத்தி மாறிப் படிக்கிறீர்கள்.

இதைச் சொல்ல எதற்கு வகுப்பு? இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் விற்பது ஒரு 'ஃபார்மட்' தாள்தான். கட்டத்தை நிரப்பு, விடை வரும். எந்தக் கட்டம் எதற்கு என்று கேட்டால் சார் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். தேர்வு முறையும் அப்படித்தான். விடை பொருந்தினால் மார்க், சூரியன் எந்தப் பக்கம் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம், 'வகுப்போடு அடுத்த கப்பலும் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கப்பல் ஊழியரிடம் வேலைக்குக் கமிஷன் வாங்குவது சட்டப்படி தடை. ஆள் எடுப்பவருக்கு ஆர்பிஎஸ்எல் (கப்பலுக்கு ஆள் சேர்க்கும்) உரிமம் இருக்கிறதா என்பதை அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் தளத்திலேயே பார்க்கலாம்.

உங்கள் வழித்தடத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏப்ரல் முதல் பாதியிலும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரையிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் வரும். உயரம் 87, 88 டிகிரியைத் தாண்டினால் நேர்கோடு போடாதீர்கள், ஏமாற்றும். சூரியன் பூமியில் எந்தப் புள்ளிக்கு நேர் மேலே நிற்கிறது என்று அல்மனாக்கில் எடுத்து, சார்ட்டில் குறியுங்கள். திருத்திய உயரம் 89 டிகிரி என்றால், 90-க்குக் குறைவது 1 டிகிரி, அதாவது 60 கடல் மைல். வட்டம் வரையும் காம்பஸில் அந்த ஆரத்துக்கு வட்டம் போடுங்கள். சில நிமிடம் விட்டு இன்னும் இரண்டு முறை எடுங்கள். அந்தப் புள்ளி நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 கடல் மைல் மேற்கே ஓடுவதால் வட்டங்கள் நன்றாக வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடமே உங்கள் இடம். முக்கோணவியலே தேவைப்படாது.

முதலில் பத்தியைச் சரி செய்யுங்கள். அதன் பிறகும் 2, 3 மைல் மிஞ்சினால், செக்ஸ்டன்டின் இன்டெக்ஸ் எரரை (கோணம் பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் கருவி காட்டும் பிழை) பாருங்கள்.