மேக்ஓவருக்குக் கடன் வாங்காதீர்கள், அவள் வகிடு எடுப்பதைக் கவனியுங்கள்

19 வயது மகள் நடிக்கத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறாளாம். ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஆடிஷன் என்றாலே கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்கிறாள். வகிடை மாற்றுகிறாள், கொண்டை போட்டு அவிழ்க்கிறாள், எதையோ தடவித் துடைக்கிறாள். வாய்ப்புதான் வந்தபாடில்லை. "நடிப்புதான் என்றால் பேர்பெற்ற இடத்தில் டிப்ளமோ படிக்கட்டும், கையில் சான்றிதழாவது மிஞ்சும்" என்கிறாராம் பெரியப்பா. படிப்போடு மேக்ஓவரும் போட்டோ ஆல்பமும் சேர்ந்த பேக்கேஜாம். கடன் வாங்கலாமா என்று கேட்கிறார் அந்த அம்மா.

வேண்டாம்.

உங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனால் நான் தட்டிக்கொடுத்து அனுப்பினால் நீங்கள் நேராகப் போய்க் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். ஆடிஷன் அறையில் இருப்பவர்கள் பார்ப்பது கேமராவில் தெரியும் முகத்தையும், கொடுத்த நாலு வரியை அவள் சொல்லும் விதத்தையும். சான்றிதழ் அங்கே செல்லாது. மேக்ஓவர் அதைவிட மோசம். எல்லாருக்கும் ஒரே நேர்முடி, ஒரே வளைந்த புருவம், இருப்பதைவிட இரண்டு படி வெளுத்த முகம். போட்டோவில் ஒருத்தி, கதவைத் திறந்து வருவது இன்னொருத்தி என்றால் கூப்பிட்டவர்களுக்கு எரிச்சல்தான் வரும்.

நடிப்புப் பள்ளி, நாடகக் குழு, குறும்படம் பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் வீண்வேலை என்று நினைக்கும் அந்தக் கண்ணாடி நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆடிஷனுக்கு வேஷம் கட்டிக்கொண்டு போகக் கூடாது. சாயல் காட்டினால் போதும். இரவுப் பணி முடித்த நர்ஸ் பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாகப் போய் நின்றால் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிதான். முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, அப்புறம் விரலால் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். பிரியும் முடி பிடரியில் பிரியட்டும். நெற்றியில் அழகாக ஒன்றிரண்டு இழை தொங்கினால் அது டூயட் பாட வந்த நாயகி. உதட்டில் சாயம் வேண்டாம். கண்ணுக்குக் கீழே இயல்பாக இருக்கும் கருமையை மறைக்காமல் விட்டாலே களைப்பு தெரியும். அதை வரைந்து காட்டினால் கேமராவில் அடிபட்ட மாதிரி இருக்கும். நகம் ஒட்ட வெட்டி, பாலிஷ் இல்லாமல். அவ்வளவுதான் நர்ஸ். அதே பெண் மறுநாள் வக்கீலாகப் போகிறாளா? வகிடு பக்கவாட்டுக்குப் போகட்டும், முடி காதுக்குப் பின்னால் ஒதுங்கட்டும், புருவத்தைச் சீவிப் படியவைக்கட்டும். முகம் அதேதான், வயதும் தோரணையும் மாறிவிடும்.

எந்தப் பாத்திரமானாலும் கண்ணில் முடியின் நிழல் விழக் கூடாது. நெற்றியும் மூக்கும் வெளிச்சத்தில் மின்னும். லேசாகப் பவுடர் ஒற்றினால் போதும். போட்டோ எடுக்கும் நாளில் மட்டும் சிலிக்கா அதிகமுள்ள பவுடரையும், ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ கலந்த சன்ஸ்கிரீனையும் தவிர்ப்பது நல்லது. ஃபிளாஷ் பட்டால் முகம் வெள்ளையடித்தாற்போல் தெரியக்கூடும். ஃபவுண்டேஷனைப் பகல் வெளிச்சத்தில் தாடையில் தடவி, கழுத்து நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் முதல் சுற்றில் இருந்த அதே தோற்றத்தில் போக வேண்டும். அவர்களுக்குப் பிடித்தது அந்த ஆளைத்தானே? பையன்கள் இரண்டு சுற்றுக்கும் இடையில் தாடியை எடுத்துவிட்டுப் போய் நிற்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கைக்கு வராத வேடத்துக்காகக் கத்தரிக்கோல் எடுக்க வேண்டாம். ஹேர் டை என்றால் 48 மணி நேரம் முன்பே தோலில் தடவி அலர்ஜி வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். முதல்நாள் ராத்திரி டை அடிப்பதெல்லாம் விபரீதம்.

மௌனப்பட காலத்து ஹாலிவுட் நடிகர் லான் சேனி தன் முகங்களைத் தானே உருவாக்கிக்கொண்டவர். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் 1929 பதிப்பில் மேக்கப் பற்றிய கட்டுரையையும் அவர்தான் எழுதினார். உங்கள் மகள் பழகுவதும் அந்த வித்தையைத்தான்.

செலவு விஷயத்தில் நான் கறார். வேறு வேறு தலைவாரலில், உள்ளபடியே தெரியும் நாலைந்து போட்டோ, சீப்பு, ஹேர்பின், பவுடர், நிறத்துக்குப் பொருந்தும் ஒரு ஃபவுண்டேஷன். இதற்கு மேல் இப்போது ஒரு காசும் வேண்டாம். வாய்ப்பு வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று எவர் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். நிறம் கூட்டும் க்ரீம் பக்கமே போகக் கூடாது. அவற்றில் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

அப்புறம், அவளிடம் ஒன்று கேளுங்கள். வசனம் பேசும்போது அதிக சந்தோஷமா, கண்ணாடி முன் நிற்கும்போதா? இரண்டாவது என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். முடி, மேக்கப் என்பது திரைத்துறையில் தனித் தொழில். ஆஸ்கரில் 1981-ஆம் ஆண்டின் படங்களிலிருந்தே மேக்கப்புக்குத் தனிப் பிரிவு உண்டு; சிகையலங்காரமும் பின்னாளில் அதன் பெயரில் சேர்ந்தது. காட்சிகளைப் பெரும்பாலும் கதை வரிசையில் எடுப்பதில்லை. இன்று எடுத்த காட்சியின் தொடர்ச்சியை மூன்று வாரம் கழித்து எடுக்கும்போது அதே வியர்வை, அதே காயம், அதே இடத்தில் பிரிந்த அதே முடி இருக்க வேண்டும். அதைப் போட்டோவும் குறிப்புமாகக் காப்பாற்றுபவர்கள் முடி, மேக்கப் கலைஞர்கள்தான். இந்த வேலையில் பெரும்பாலும் உதவியாளராகச் சேர்ந்துதான் நுழைய முடியும், கற்பதும் அங்கேதான். எடுத்துக்கொண்டு போக வேண்டியது அவள் செய்த வேலையின் போட்டோக்கள்: ஒரே முகம் காலையில், வேலை முடிந்த மாலையில், பத்து வயது கூடிய பிறகு. நடிப்பா இதுவா என்று முடிவெடுப்பவள் அவள். பெரியப்பா அல்ல, நீங்களும் அல்ல. இப்போதைக்கு அந்த மூன்று போட்டோவையும் எடுக்கச் சொல்லுங்கள். மாடலாக நீங்களே உட்காரலாம்.